விலாசப் புத்தகம்

சிறுபத்திரிகைக்குச் சொத்து என்று சொல்லக்கூடியது அதன் விலாசப் பட்டியல் ஒன்றுதான். அச்சகம் நம்முடையது இல்லை. காகிதம் கடன். எழுதுகிறவர்கள் இன்னொரு பத்திரிகை கேட்டால் அங்கே கொடுப்பார்கள், கொடுக்கவும் வேண்டும். பட்டியல் மட்டும்தான் ஓர் ஆசிரியர் பதினைந்து இருபது வருஷங்கள் கூட்டங்களின் வாசலில் நின்று, பதில் வராத கடிதங்கள் எழுதி, ஒவ்வொரு பெயராகச் சேர்த்தது. 'எழுத்து' 1959ல் தொடங்கி 1970 வரை வந்தது. 'நடை' 1968ல் சேலத்திலிருந்து. 'கசடதபற' 1970ல். அவற்றில் எழுதியவர்களைப் பற்றி இன்றைக்கு முனைவர் பட்டம்கூட வாங்கிவிடலாம். அவற்றைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்கள் யார், எந்த ஊரில் எத்தனை பேர் என்று சொல்லும் ஒரு சந்தாப் பதிவேட்டை நான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. நம் இலக்கிய சரித்திரம் எழுதுகிறவனின் சரித்திரமாகவே நின்றுவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

இந்த யோசனை வந்தது ஒரு சில்லறைக் காரணத்தால். நான் பத்து வருஷமாக எழுதிவந்த ஒரு காலாண்டிதழின் ஆசிரியர் சென்ற வருஷம் காலமானார். அவர் பட்டியலை நோட்டில் வைத்திருக்கவில்லை. தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளின் விலாசப் புத்தகத்தில் வைத்திருந்தார். 2004 டிசம்பரில் அதன் முதல் பதிப்பு வந்த கொஞ்ச நாளிலேயே அதற்குப் போய்விட்டவர். ஜிமெயிலை உலாவியில் திறந்து பார்க்கிற பழக்கம் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. 'என் கடிதங்கள் என் வீட்டில் இருக்கட்டும் ஓய், வாசித்துவிட்டுத் திரும்பிப் போவதற்கு அது என்ன நூலகமா' என்பார். அதில் நியாயம் இருந்தது. வீட்டில் இருக்கிற வஸ்துவுக்கு வீட்டில் நேரக்கூடிய எல்லாமும் நேரும் என்பதும் அந்த நியாயத்தோடு சேர்ந்தே வருவது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அவருடைய மகள் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை ஆட்டோவில் வைத்து என் வீட்டுக்கு அனுப்பினார். 'தம்பி, நீங்க பாங்க்ல கம்ப்யூட்டர்லதானே வேலை பாக்கிறீங்க' என்றார் போனில். வங்கியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பது, பி.ஏ. இங்கிலீஷ் படித்தவனுக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதைப் போன்ற ஒரு பொது நம்பிக்கை. இரண்டையும் நான் மறுத்துப் பார்த்ததுண்டு, பலிக்கவில்லை.

பெட்டி வருவதற்குள் உறவுக்காரப் பையன் ஒருவன் அதில் கை வைத்திருந்தான். மெதுவாக ஓடுகிறது என்று மென்பொருளை எடுத்துவிட்டு மறுபடியும் நிறுவியிருக்கிறான். அதற்கு முன்னால், ஜாக்கிரதையாக, விலாசங்களை சிஎஸ்வி என்ற கோப்பாக இறக்கி, அதை எக்ஸெலில் இரண்டு தட்டுத் தட்டித் திறந்து, சேமித்தும் வைத்திருக்கிறான். எனக்கு வந்து சேர்ந்தது இவ்வளவு: திறந்தால் காலியாக இருக்கும் ஒரு விலாசப் புத்தகம். தவிர, தமிழ் இருக்கவேண்டிய இடத்தில் எல்லாம் தலைக்கு மேல் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஓர் ஆர், இப்படியே வரிவரியாக நிரம்பிய ஒரு தாள்.

இந்தச் சாய்கோட்டு ஏயைப் பார்க்காத தமிழன் கம்ப்யூட்டர் பக்கம் போகாதவனாகத்தான் இருக்கவேண்டும். அது ஏன் எப்போதும் அதே ஏ என்று நான் அன்றைக்குத்தான் யோசித்தேன். யூடிஎஃப்-8 என்ற முறையில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகப் பதிகிறது. முதல் பைட் எல்லாக் குறிக்கும் ஒன்றே. இரண்டாவது, இரண்டில் ஒன்று. வித்தியாசம் எல்லாம் மூன்றாவதில்தான். மேற்கத்திய எழுத்துக்களுக்கான பழைய விண்டோஸ் அட்டவணையை வைத்துக்கொண்டு இதைப் படிக்கிற மென்பொருள் முதல் பைட்டை சாய்கோட்டு ஏ என்று வாசிக்கிறது. இரண்டாவதை வட்டத்துக்குள் ஆர் என்றோ மேலே மிதக்கும் ஒரு சிறு கோடு என்றோ வாசிக்கிறது. எல்லாத் தமிழ்ப் பெயரும் தொடக்கத்தில் ஒரே குடும்பத்துப் பெயர் மாதிரி தெரிவது அதனால்தான்.

இதில் விஷயம் என்னவென்றால், இப்படிப் பார்த்ததோடு மூடிவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போவதில்லை. தட்டித் திறக்காமல், எக்ஸெலுக்குள்ளிருந்து டேட்டா பகுதி வழியாகக் கோப்பை வரவழைத்து, எழுத்து முறை எது என்று கேட்குமிடத்தில் 65001 என்ற எண்ணுள்ள யூடிஎஃப்-8ஐக் காட்டினால் தமிழ் தமிழாகவே வந்து உட்காரும். சேமித்த பிறகுதான் சங்கடம். அந்தப் பழைய அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி. அந்த ஐந்தில் விழும் பைட் கண்ணுக்குத் தெரியாத ஒன்றாகி, ஏதாவது ஒரு சுத்தம் செய்யும் வேலையில் உதிர்ந்துவிடும். தமிழில் அப்படி உதிரக்கூடியவை எவை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏ, ஐ, உகரத்தின் கொம்பு, எல்லாவற்றுக்கும் மேலாகப் புள்ளி. மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் அந்தப் புள்ளியேதான். நகுலன் என்று எழுதிச் சோதித்துப் பார்த்தால் போகவேண்டியவை போய் நகலன என்று நிற்கிறது. அவருக்கே பிடித்திருக்கும். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி கிடையாது, படிக்கிறவன் போட்டுக்கொள்ள வேண்டும். உ.வே. சாமிநாதையர் பட்ட பாட்டில் ஒரு பங்கை நான் ஒரு சந்தாப் பட்டியலுக்காகப் பட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவருக்கு யாப்பு துணையிருந்தது. சந்தாதாரர்களுக்கு யாப்பு இல்லை.

தொலைபேசி எண்கள் இன்னும் மோசம். தொண்ணூற்றொன்றில் ஆரம்பிக்கும் பன்னிரண்டு இலக்க எண்ணை எக்ஸெல் ஒரு தொகையாக எடுத்துக்கொண்டு, விஞ்ஞானிகள் எழுதுகிற மாதிரி பத்தின் அடுக்காகச் சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வியாகச் சேமித்தால் சுருக்கம்தான் மிஞ்சும், கடைசி ஐந்தாறு இலக்கங்கள் போனது போனதுதான். எழுத்தையாவது ஊகிக்கலாம், எண்ணை ஊகிக்க முடியாது. இது வங்கியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுகிற ஒன்று.

காலியாக இருந்த விலாசப் புத்தகத்துக்கு வருகிறேன். மறுபடி நிறுவும்போது இந்த மென்பொருள் சில சமயம் புதிதாக ஒரு 'ப்ரொஃபைலை'த் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடும். பழையது பக்கத்து அறையில் பூட்டிக் கிடக்கும். ஹெல்ப் மெனுவில் பழுது பார்க்கும் தகவல் என்ற பக்கத்துக்குப் போனால் தற்போதைய ப்ரொஃபைல் எந்த அடைவில் இருக்கிறது என்று காட்டும். அங்கிருந்து ஒரு படி மேலே ஏறினால் பழையதும் தென்படும். எட்டு அர்த்தமற்ற எழுத்துக்கள், ஒரு புள்ளி, பிறகு 'டிஃபால்ட்' என்று பெயர். கடன் பிரிவில் இருந்தவன் அந்தச் சொல்லைப் பார்த்தால் கொஞ்சம் திடுக்கிடத்தான் செய்வான். அதற்குள்ளே ஏபுக் என்ற பெயரில் எஸ்க்யூலைட் கோப்பு ஒன்று. அதுதான் விலாசப் புத்தகம். அதை எடுத்துக் கையாள்வதற்கு முன் மென்பொருளை முழுக்க மூடவேண்டும். மூடாவிட்டால் கடைசியாகச் செய்த மாற்றங்கள் பிரதானக் கோப்பில் ஏறாமல், பக்கத்தில் அதே பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு கோப்பில் நிற்கக்கூடும். அதன் பெயர் முடிவது வால் என்று. முன்கூட்டி எழுதும் பதிவேடு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் அது, இருந்தாலும் வால் என்ற பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. வாலை விட்டுவிட்டு மாட்டை மட்டும் ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான் 'போன மாசம் சேர்த்த விலாசங்கள் மட்டும் காணோம்' என்கிறார்கள்.

எஸ்க்யூலைட்டுக்கு முன்னால், 2020ல் எழுபத்தெட்டாம் பதிப்பு வரும் வரையில், விலாசங்கள் மார்க் என்று ஓர் அமைப்பில் இருந்தன. ஆசிரியர் பழைய அடைவுகளை எல்லாம் பழைய துண்டுகளைப் போலவே எடுத்து வைக்கிறவர், ஆகவே 2009ம் வருஷத்துப் பிரதி ஒன்றும் அகப்பட்டது. அதைச் சாதாரண எடிட்டரில் திறக்கலாம். திறந்தால் அடைப்புக்குறிகளும் டாலர் குறிகளும்தான். ஒவ்வொரு தமிழ் எழுத்தும் மூன்று டாலர்களாகக் கிடக்கும். நிரலர்கள் இந்த அமைப்பைத் திட்டித் தீர்த்திருக்கிறார்கள். எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை உண்டாகிவிட்டது. காரணம், அதில் திருத்தம் என்பது பழையதன் மேல் எழுதுவதாக இல்லை. கோப்பின் அடியில் 'இன்னது மாறிற்று' என்று ஒரு வரி சேரும். கோப்பு எப்போதாவது சுருக்கப்படும் வரை முன்னது முன்னிடத்திலேயே இருக்கும். பழைய பேரேட்டில் சுழித்த தொகை கீழே தெரிகிற மாதிரி. ஆசிரியர் சந்தாவை நிறுத்திவிட்டார் என்று நீக்கிய ஏழெட்டுப் பேரை அப்படித்தான் நான் கண்டேன். அதில் ஒருவர் இன்று பெரிய பெயர். பத்திரிகையின் முதல் இதழ் தொட்டு வாசகர் என்று மேடைகளில் சொல்லிக்கொள்பவர். நாலு இதழ்தான் வாங்கியிருக்கிறார்.

இனி பெயர்கள்.

இந்த மென்பொருட்கள் எல்லாவற்றிலும் ஒரு மனிதன் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களாகத்தான் உள்ளே வரவேண்டும். இவற்றுக்குள்ளே விலாசம் பரிமாறிக்கொள்ள விகார்ட் என்று ஒரு பொது அமைப்பு இருக்கிறது, 1990களின் நடுவில் வந்தது. அதில் பெயருக்கு ஐந்து அறைகள். முதல் அறை குடும்பப் பெயருக்கு. அடுத்தது இட்ட பெயர், அப்புறம் இடைப்பெயர், முன்னொட்டு, பின்னொட்டு. சி.சு. செல்லப்பாவை இதில் எங்கே வைப்பது? செல்லப்பா என்பது குடும்பப் பெயர் என்றால் அவருடைய வீட்டில் எல்லாரும் செல்லப்பா ஆகவேண்டும். சி.சு. குடும்பப் பெயர் என்றால், கடைசிப் பெயர்ப்படி அடுக்கும்போது சி.சு. செல்லப்பாவும் சி. மணியும் ஒரே வம்சம் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். (இலக்கியத்தில் அப்படிச் சொல்லலாம்தான். சி. மணி 'எழுத்து'விலிருந்து வந்தவர். ஆனால் மென்பொருள் அதை நினைத்துச் செய்யவில்லை.)

இந்தக் கட்டங்களின் கொடுமையை நான் தினமும் கவுன்டரில் பார்க்கிறேன். பான் கார்டு விண்ணப்பத்தில் பெயருக்கான கட்டத்தில் இனிஷியல் போடக்கூடாது, விரித்து எழுதவேண்டும். விரித்தால் அப்பா பெயர் கடைசிப் பெயராகிவிடுகிறது. கல்யாணமானவள் கணவன் பெயரைச் சேர்த்துக்கொண்டால் ஆதாரில் ஒன்று, பானில் ஒன்று, பாஸ் புத்தகத்தில் ஒன்று. மூன்றும் ஒருத்திதான் என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். அந்தக் காகிதங்களை வாங்கிக் கோப்பில் போடுவது என் வேலைகளில் ஒன்று. தன் பெயர் தன்னுடையதுதான் என்று எழுதித் தரும் அந்த வாக்கியத்தைப் போல விசித்திரமான வாக்கியத்தை நவீன கவிதையில்கூட நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆசிரியர் இந்தப் பிரச்னையைத் தன் வழியில் தீர்த்திருந்தார். இனிஷியலோடு முழுப் பெயரையும் முதல் கட்டத்தில் போட்டுவிட்டு, கடைசிப் பெயர்க் கட்டத்தில் ஊரைப் போட்டிருந்தார். கோவில்பட்டி, நாகர்கோவில், திருவண்ணாமலை, டொரண்டோ. கடைசிப் பெயர்ப்படி அடுக்கினால் தபால் கட்டுகள் தாமாகவே பிரிந்துவிடும். ஊரைப் பெயரோடு வைத்துக்கொள்வது நமக்குப் புதிதும் இல்லை. ஆனால் இதே பட்டியலைப் போனுக்கு மாற்றினபோது எனக்கு முந்நூறு சொச்சம் உறவினர்கள் ஊர்ப்பெயரோடு வந்து சேர்ந்தார்கள். இதைச் சரிசெய்ய வேண்டாம் என்று வைத்துவிட்டேன். 2011ல் வந்த விகார்டின் நாலாவது பதிப்பில் ஐந்து அறைப் பெயர் கட்டாயமில்லை, முழுப் பெயர் என்ற ஒரே கட்டம் போதும் என்று ஆகிவிட்டது. சட்டப்படி இப்போது ஒருவன் ஒற்றைப் பெயரோடு இருக்கலாம். மென்பொருட்களின் முகப்பு அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, இரண்டு கட்டங்களைத்தான் முதலில் நீட்டுகின்றன.

இரட்டைப் பதிவுகளை நீக்குவது என்பது அடுத்த வேலை. மின்னஞ்சல் விலாசம் ஒன்றாக இருந்தால் ஆள் ஒன்று என்று எடுத்துக்கொண்டு சேர்த்துவிடும் கருவிகள் இருக்கின்றன. தமிழ்ச் சிறுபத்திரிகைக்கு அவை ஆகா. க.நா.சு. கவிதைக்கு மயன். சுந்தர ராமசாமி கவிதைக்கு பசுவய்யா. டி.கே. துரைசாமி என்பவர் திருவனந்தபுரத்தில் இங்கிலீஷ் வாத்தியார், நகுலன் என்பவர் வேறே. இவர்களை இணைத்துவிடலாமா என்று ஒரு பொத்தான் கேட்டால் என்ன பதில் சொல்வது? இந்தப் பட்டியலிலேயே அப்படி ஒருவர் உண்டு. சொந்தப் பெயரில் ஒன்று, கவிதைப் பெயரில் ஒன்று என்று இரண்டு சந்தா கட்டிவந்தவர். இரண்டு பதிவுக்கும் ஒரே மின்னஞ்சல். குறிப்புகளுக்கான கட்டத்தில் ஆசிரியர் எழுதியிருந்தார்: 'இரண்டும் ஒருவரே. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது.'

அந்தக் கட்டத்தை நான் அப்போதுதான் கவனித்தேன். ஏறக்குறைய எல்லாப் பதிவிலும் ஒரு வரி, இரண்டு வரி இருந்தது. 'சந்தா கேட்கக் கூடாது. தானாக வரும்.' 'கவிதை அனுப்புவார். திருப்பி அனுப்பும்போது கையால் எழுது.' 'இதழைப் படிப்பதில்லை, மனைவி படிக்கிறார், அவர் சொல்வதைக் கேள்.' 'நல்ல நாவல் ஒன்று எழுதியிருக்கவேண்டியவர்.' அவர் அச்சில் எழுதிய விமர்சனங்களை நான் அறிவேன். தயக்கங்களும் 'எனினும்'களும் நிறைந்தவை, யாரையும் நோகடிக்கக் கூடாது என்ற கவலையில் பாதி செத்துப்போனவை. இங்கே, யாருக்கும் காட்ட உத்தேசமில்லாத ஒரு கட்டத்தில், ஒரு விமர்சகன் முழுசாக இருந்தான். என் பெயரும் இருந்தது. கடைசிப் பெயர் திருநெல்வேலி. குறிப்பு: 'விமர்சனம் எழுதட்டும். கவிதை கேட்காதே. கேட்டால் கொடுத்துவிடுவான்.' அதைப் படித்துவிட்டு எழுந்துபோய் டீ போட்டுக் குடித்தேன். அவர் சொன்னது சரி என்பதில் எனக்கு அபிப்பிராய பேதம் இல்லை. உயிரோடு இருக்கும்போது ஒரு தடவை நேரில் சொல்லியிருக்கலாம் என்றுதான் இருந்தது.

தேடுவதில் வரும் தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீரங்கம் என்று தேடினால் சிலர் வருவார்கள், சிலர் வரமாட்டார்கள். 2005க்கு முன் 'ஸ'வை வைத்து ஸ்ரீ எழுதினார்கள். அந்த வருஷம் யூனிகோடில் 'ஶ' என்று தனி எழுத்து சேர்ந்தபின் அதை வைத்தும் எழுதுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு. இதே மாதிரி கொ என்பதன் கொம்பையும் காலையும் ஒரே குறியாக அடிக்கலாம், இரண்டாகவும் அடிக்கலாம். தவிர, வெறும் குறியெண்படி அடுக்கும் மென்பொருளில் ந முடிந்ததும் ன வந்துவிடும், ளவுக்குப் பின்தான் ழ. நம் நெடுங்கணக்கு தெரிந்தவனுக்கு இது பல்லில் மணல் மாதிரி நறநறக்கும். 1999ல் தமிழக அரசு அறிவித்த டேப், டேம் முறைகளிலும் அதற்கு முந்திய ஆளுக்கொரு எழுத்துருவிலும் அடித்த பெயர்கள் தனி. அரசு யூனிகோடுக்கு வந்தது 2010ல். அதற்கு முற்பட்டவர்களை ஒவ்வொருவராக மாற்றவேண்டியிருந்தது. மாற்றினேன்.

விலாசத்தின் முதல் இரண்டு எழுத்தை அடித்ததும் மென்பொருள் தானாக ஆட்களை நீட்டுகிறதே, அது எப்படி யாரை முதலில் நீட்டுவது என்று தீர்மானிக்கிறது? ஒவ்வொரு பதிவிலும் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் எண் இருக்கிறது. கடிதம் அனுப்பும்தோறும் ஒன்று கூடும். அதன் பெயரைத் தமிழில் சொன்னால் ஜனரஞ்சகக் குறியீட்டெண். ஜனரஞ்சகத்தை எதிர்த்து இருபது வருஷம் தலையங்கம் எழுதியவரின் கம்ப்யூட்டருக்குள் இப்படி ஓர் எண் சத்தமில்லாமல் கூடிக்கொண்டே இருந்திருக்கிறது. பட்டியலில் முதலிடம் அச்சாபீஸ்காரருக்கு. இரண்டாமிடம் காகிதக் கடைக்கு. கவிஞர்கள் முப்பதுக்குப் பிறகுதான் வருகிறார்கள். கவிஞர்களின் உண்மை நிலவரத்தை இவ்வளவு கறாராகச் சொன்ன ஆய்வுக் கட்டுரையை நான் படித்ததில்லை.

தவறான அல்லது காலாவதியான விலாசம் திரும்பத் திரும்ப முளைப்பதற்கும் இந்த நீட்டல்தான் மூலம். அனுப்பின விலாசம் எல்லாம் 'சேகரித்த விலாசங்கள்' என்ற இரண்டாவது புத்தகத்தில் தாமாக விழுகின்றன. முதல் புத்தகத்தில் திருத்தினால் போதாது, அங்கேயும் போய் நீக்கவேண்டும். அவுட்லுக்கிலும் இதே கதைதான், 2007 பதிப்பு வரை அதற்கென்று தனிக் கோப்பே இருந்தது. விலாசப் புத்தகத்தில் இருப்பவன் நம்பத் தகுந்தவன் என்று நாம் எடுத்துக்கொள்வதை உலகம் முழுக்க நிரூபித்துக் காட்டியவை இரண்டு கிருமிகள். 1999 மார்ச்சில் மெலிஸா, அவுட்லுக் விலாசப் புத்தகத்தின் முதல் ஐம்பது பேருக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய காதல் கடிதம் ஐம்பதோடு நிற்கவில்லை, எல்லாருக்கும் போயிற்று. தெரிந்தவனிடமிருந்து வரும் காதல் கடிதத்தைத் திறக்காமல் இருக்க யாராலும் முடியவில்லை.

எல்லாம் ஒழுங்கானபின், அடுத்த இதழ் பற்றி எல்லாருக்கும் ஒரு கடிதம் அனுப்பவேண்டும் என்று மூன்று பேர் கொண்ட புதிய ஆசிரியர் குழு முடிவு செய்தது. அனுப்பினால் போகவில்லை. பட்டியலில் ஒரே ஒரு விலாசத்தை அஞ்சல் வழங்கி ஏற்க மறுத்தாலும் மென்பொருள் அத்தனை பேருக்கும் போகவேண்டியதை நிறுத்திவிடும். எது என்று சில சமயம் சொல்லும், சில சமயம் சொல்லாது. இதற்கு வங்கி முறையே போதுமானது. பேரேடு கையால் எழுதிய காலத்தில் பாக்கி சரிக்கட்டாவிட்டால் என்ன செய்வார்கள் என்று ஓய்வு பெறும் தறுவாயில் இருந்த ஒரு ஹெட் கிளார்க் எனக்குச் சொல்லியிருக்கிறார். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். வகுபடாவிட்டால் பேரேட்டைப் பாதியாகப் பிரி. சரியாக இருக்கும் பாதியை விட்டுவிடு. மற்றதை மறுபடியும் பாதியாக்கு. முந்நூறு பெயரானாலும் எட்டு ஒன்பது தடவையில் குற்றவாளி அகப்படுவான். எட்டாவது தடவையில் அகப்பட்டது, விலாசத்தின் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி.

போயிற்று. பிறகு திரும்பி வரத் தொடங்கின. திரும்பிய கடிதங்களின் அடியில் மூன்று இலக்கங்களில் காரணம் இருக்கும். 5.1.1 என்றால் அப்படி ஒரு பெட்டியே கிடையாது. இரண்டு வருஷம் திறக்காத கணக்குகளை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கிவிட்டதால் இந்த ரகம் அதிகம். 5.2.2 என்றால் பெட்டி இருக்கிறது, நிரம்பிவிட்டது. முதல் ரகத்தைக் குழு உடனே நீக்கச் சொல்லிற்று, எனக்கும் ஆட்சேபம் இல்லை. இரண்டாவது ரகம் என்னைத் தொந்தரவு செய்தது. நிரம்பும்வரை எல்லாரும் அனுப்பிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். வங்கிகள், புத்தகக் கடைகள், இந்தப் பத்திரிகை. பதினொரு பேர். அவர்களில் நான்கு பேர் காலமானவர்கள் என்று எனக்கே தெரியும், இரண்டு பேருக்கு இந்த இதழிலேயே அஞ்சலிக் குறிப்பு வந்திருக்கிறது.

நீக்கவேண்டும் என்பது குழுவின் கட்சி. பட்டியல் என்பது விநியோகத்துக்கு, ஞாபகார்த்தத்துக்கு இல்லை என்றார் ஒருவர். அவர் சொன்னதில் தவறில்லை. நான் செய்தது இது. அவர்களை அஞ்சல் குழுவிலிருந்து மட்டும் எடுத்தேன். குழுவிலிருந்து எடுப்பது வேறு, பதிவை நீக்குவது வேறு. பலருக்கும் இந்த இடத்தில்தான் தடுமாற்றம். பதிவு இருந்த இடத்தில் இருக்கிறது. உபயோகப்படுத்துகிறவர் இஷ்டத்துக்கு என்று விட்டிருக்கும் நான்கு கட்டங்களில் முதலாவதில் காலமான வருஷத்தைப் போட்டேன். குறிப்புகளை நான் குழுவுக்குக் கொடுத்த பிரதியில் சேர்க்கவில்லை. சிஎஸ்வியில் அது ஒரு பத்தி, எடுப்பது கஷ்டமில்லை. குறிப்பில் இருக்கும் பாதிப் பேர் உயிரோடு எழுதிக்கொண்டிருப்பவர்கள். அவர் யாருக்கும் காட்டாததை நான் காட்டுவதற்கில்லை. சரித்திரம் எழுத வேண்டுமென்றால் முப்பது வருஷம் கழித்து எழுதட்டும், கோப்பு பத்திரமாக இருக்கிறது, வாலோடு.

ஒரு பதிவு பாக்கி. சேலத்துப் பக்கத்துக் கவிஞர் ஒருவர், இறந்து மூன்று வருஷமாகிறது. அவர் விலாசத்துக்குப் போன கடிதம் திரும்பவில்லை. மறுநாள் அங்கிருந்து பதில் வந்தது. 'தம்பி, அவர் இல்லை. இந்தப் பெட்டியை நான்தான் பார்க்கிறேன். புத்தகத்தை நிறுத்த வேண்டாம். சந்தா எவ்வளவு என்று எழுதவும்.' கீழே பெயர் இல்லை. ஆசிரியர் யாரைப் பற்றி 'மனைவி படிக்கிறார்' என்று எழுதியிருந்தாரோ அந்தப் பதிவுதான். தொகையைத் தெரிவித்து, தங்கள் பெயர் என்னவென்று பதிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டு எழுதினேன். சந்தா மணியார்டரில் வந்துவிட்டது, அனுப்புநர் இடத்தில் கணவர் பெயர். ஆகவே முதல் கட்டத்தில் அந்தப் பெயரே இருக்கிறது, கடைசிக் கட்டத்தில் சேலம்.